இடது பக்கத்து நட்டு

"இது தானா கழண்டதில்லடா. யாரோ ஸ்பேனர் போட்டுக் கழட்டியிருக்காங்க."

வண்டிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்த அண்ணன்காரனின் முகம் கறுத்துப் போயிருந்தது. அதற்குக் காரணம் கிரீஸ் மட்டுமல்ல. உள்ளங்கையில் இருந்த நட்டைத் தம்பியிடம் காட்டிவிட்டு, சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி முறைத்தான்.

அங்கே தம்பி பெண்டாட்டி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்த வண்டிக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. "ரெண்டு சக்கரத்துக்கு ஒரு காலைக் கொடுத்தாச்சு. மூணு சக்கரத்துக்கு இன்னொண்ணையும் கொடுக்கணுமா?" என்று வண்டி வந்து இறங்கிய அன்றே மூஞ்சிக்கு நேராகக் கேட்டவள்.

பைக் விபத்தில் தம்பிக்கு இடது கால் முழங்காலோடு போய்விட்டது. அவன் பழையபடி வெளியே போய்வரட்டும் என்று, அண்ணன் தன் பட்டறையில் ஒரு பைக்குக்குப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்துக் கட்டிக்கொடுத்த வண்டி இது. நேராகப் போகிறவரை பரம சாது. வளைவில் திருப்பினால் போதும், அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்து, உள்பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

விடுவானா அண்ணன்? ஞாயிற்றுக்கிழமை ஆனால் தம்பி வீட்டு ஷெட்டுக்கு வந்துவிடுவான். தொளதொளத்த ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு விறைப்பானது மாட்டினான். ஷாக் அப்சார்பரை மாற்றினான். வண்டி ஒரு பக்கமாகச் சாயவிடாமல் பின் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்டெபிலைசர் ராடு ஒன்றையும் பொருத்தினான். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே பட்டறைக் கதையெல்லாம் கேட்பான்.

வேலை முடிந்த அன்று அண்ணனே டாங்க்கை நிரப்பி, தெருமுனை வளைவில் வேகமாகத் திருப்பிப் பார்த்தான். வண்டி ஒட்டவைத்த மாதிரி நின்றது. "இனிமே என்னைக் கூப்பிட உனக்கு வேலையே இல்லடா!" என்று தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு காலையிலேயே போன். "மறுபடியும் சக்கரம் தூக்குதுண்ணா." ஓடிவந்து பார்த்தால், ராடின் இடது பக்கத்து நட்டு லூசாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் அதே நட்டு. எந்த அதிர்வுக்கும் அசையாத லாக் நட்டாகப் பார்த்துப் போட்டான். இன்றைக்கு அதுவும் கழன்று கிடக்கிறது.

சாவியைத் திருகினான். பெட்ரோல் முள் அன்றைக்கு நிரப்பிய இடத்திலேயே நின்றது. "இந்த முள்ளும் அவுட்டா? நல்லா விளங்கும்!" என்று வண்டியைத் திட்டிவிட்டு, அடக்கமாட்டாமல் சமையலறையைப் பார்த்துக் கத்தினான்.

"ஏம்மா, கொஞ்சம் வெளிய வா."

அவள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். "என்ன மாமா?"

"உனக்கு வண்டி பிடிக்கலன்னா என்கிட்ட சொல்லு. எடுத்துட்டுப் போயிடறேன். அதுக்காக நட்டைக் கழட்டிவிடுவியா? வளைவுல போறப்ப ராடு விட்டுச்சுன்னா வண்டி குப்புற அடிச்சுரும். அப்புறம் என் தம்பிய நாம பார்க்க முடியாதும்மா!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேணாம்னு வாயால ஆயிரம் சொல்லுவேன். என் புருஷன் உசிரோட விளையாடுவேனா மாமா? வாரம் பூரா அவர் வாயே திறக்கறதில்ல. இந்த வேலை நடக்கற அன்னிக்குத்தான் மனுஷனா இருக்கார். அதை நானே கெடுப்பேனா?"

"அப்ப நட்டு தானா நடந்து போச்சா? அதுக்கென்ன கால் இருக்கா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்தச் சங்கடம் அண்ணனின் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

"இனி பேச்சே இல்ல. வண்டிய இப்பவே பட்டறைக்கு ஏத்தறேன். இந்த வீட்டுல இது இருந்தா இவன் உசிருக்கு உத்தரவாதம் இல்ல." ஸ்பேனர்களை வாரிப் பையில் போட்டான். அவள் சுவரில் சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தாள்.

தம்பி ஊன்றுகோலைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி எழுந்து, வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றான்.

"அவளத் திட்டாதண்ணா. நான்தான் கழட்டினேன்."

அண்ணன் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. "நீயா? பைத்தியமாடா உனக்கு? சாகறதுக்கு வழி பார்க்கறியா?"

"சேச்சே, நான் எங்க ஓட்டினேன்? வாசலைத் தாண்டவே இல்ல."

"அப்புறம் ஏண்டா சக்கரம் தூக்குதுன்னு ஒவ்வொரு வாரமும் என் உயிரை வாங்கின?"

தம்பி வண்டி சீட்டைத் தடவியபடி, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்:

"வண்டி சரியாயிட்டா நீ வரமாட்டியேண்ணா."