எத்தனை எண்ணம்?

“அஞ்செண்ணம் மாமா. கருங்கல் ஊர்க்காரன்கிட்ட அஞ்செண்ணம் வாங்கிட்டு வந்திருக்கு உங்க டீமு.”

பைக்கை நிறுத்துவதற்கு முன்பே விபின் சத்தமாகச் சொன்னான். பின்னால் இருந்த ஆன்ட்ரூஸ் இறங்கி, சிரிக்க வேண்டிய இடம் இதுதான் என்பதுபோலச் சிரித்தான்.

ஏசுஅடிமை வீட்டு முற்றத்தில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு வள்ளத்தின் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. “பழக்க மேட்ச்தானலே. அதுல தோத்தா என்ன, ஜெயிச்சா என்ன?”

“போன வாரம் நாலு, அதுக்கு முந்தின வாரம் மூணு. உங்க கோல் போஸ்ட்டுல கெட்டியிருக்க வலைய எங்களுக்குத் தாங்க மாமா. அதுல விழுகது மாதிரி மீனு விழுந்தா எங்க ஊரே மாடி வீடு கெட்டிரும்.”

“வலைய எடுத்துட்டுப் போ. உங்க ஊர்ல அத இழுக்க ஆளுண்டா?”

“அந்த பெனின் பயல எதுக்கு கோலியா நிறுத்தினிய? பந்து வந்தா சிலுவை போட்டுட்டு கண்ண மூடுகான்.”

ஏசுஅடிமை சிரித்துவிட்டார். “திருநாள் கோப்பை தொடங்கட்டும். அதுக்குள்ள லிஜோ வந்துருவான். பொறவு ஒரெண்ணம் அடிச்சுக் காட்டுங்க பாப்போம்.”

விபினின் ஊரான மேலத்துறைக்கும் கீழத்துறைக்கும் இடையே இது பழைய வழக்கம். கோப்பைக்கு முன்னால் நடக்கும் பழக்க ஆட்டங்களில் ஓர் ஊர் தோற்றால், மற்ற ஊர்க்காரர்கள் தோற்ற அணியின் கோல்கீப்பர் வீட்டு முற்றத்துக்கே போய் எத்தனை எண்ணம், அதாவது எத்தனை கோல், என்று சொல்லிவிட்டு வருவார்கள். வீட்டுக்காரர்கள் கோபப்படக் கூடாது, விட்டுக்கொடுக்கவும் கூடாது. கீழத்துறையின் கோல்கீப்பர், ஏசுஅடிமையின் ஒரே மகன் லிஜோ.

விபின் பைக்கைத் திருப்பியபோது அவர் கேட்டார். “நாளைக்கு வருவியா மக்கா?”

“நாளைக்கு மேட்ச் இல்லியே மாமா.”

“இல்லன்னா என்ன? போன வருசம் தோத்தத வந்து சொல்லு.”

தெரு திரும்பியதும் ஆன்ட்ரூஸ் பைக்கை நிறுத்தச் சொன்னான். அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. “அவருகிட்ட சொல்லிட்டு வரணும்னு ஃபாதர் அனுப்பினாருல்லா. நீ என்னலே நாலெண்ணம் அஞ்செண்ணம்னு நிக்க?”

“வாய் வரல்ல.”

“நாளை மறுநாள் நாப்பத்தொண்ணு. இனி எப்ப சொல்லப்போற?”

லிஜோவும் விபினும் ஒரே வள்ளத்தில் முறை மாற்றித் தொழிலுக்குப் போகிறவர்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை கடலுக்குப் போக வேண்டியவன் விபின். அன்று மேலத்துறைக்கு முதல் பழக்க ஆட்டம். “நீ களிக்கலேன்னா உங்க ஊரு தோத்துட்டு, ஆளில்லன்னு சாக்கு சொல்லும். நில்லு, ஒனக்க எடத்துல நான் போறேன்” என்று சொல்லி லிஜோ ஏறிக்கொண்டான்.

மூன்றாம் நாள் வள்ளம் கவிழ்ந்து மிதந்தது. கூடப் போன இரண்டு பேரின் உடல்கள் கிடைத்தன. லிஜோவைத் தேடிப் போன ஊர்ப் படகுகள் பதினோராம் நாள் வெறுமனே திரும்பின.

அத்தனை நாளும் விபின் அறைக் கதவைத் திறக்கவில்லை. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. அவன் அம்மா சகாயசெல்வி இரண்டு ஊரிலும் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

பன்னிரண்டாம் நாள், காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம் என்று இந்த முற்றத்துக்கு வந்தான். ஏசுஅடிமைதான் முதலில் பேசினார்.

“என்னலே சும்மா நிக்க? எங்க டீமு மண்டைக்காட்டுக்காரன்கிட்ட தோத்திருக்கு. எத்தனை எண்ணம்னு சொல்ல மாட்டியா? லிஜோ வரட்டும், அப்ப இருக்கு உங்களுக்கு.”

மகன் போனதை அவர் மனம் ஏற்கவில்லை என்று விபின் நினைத்துக்கொண்டான். கோப்பையை இந்த வருடம் நிறுத்திவிடலாம் என்று கமிட்டி சொன்னபோது, வேண்டாம், நடக்கட்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். அதன் பிறகு ஒரு மாலைகூடத் தவறவில்லை. குளித்தான், சட்டை மாற்றினான், வழியெல்லாம் யோசித்துப் புதிய கேலியோடு வந்தான். லிஜோ உயிரோடு இருப்பதுபோல் பேசுவதைத் தவிர அவருக்குக் கொடுக்க அவனிடம் வேறொன்றும் இல்லை.

உடல் கிடைக்காமல் கடலில் போனவர்களுக்கு நாற்பத்தொன்றாம் நாள் பூசையில்தான் பெயர் சொல்லி மணி அடிப்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும். மணி அடித்த பிறகு யாரும் காத்திருப்பதில்லை.

விபின் ஆன்ட்ரூஸை அங்கேயே நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து திரும்பினான்.

“என்னலே, ஒரு கோல எண்ணாம விட்டுட்டியோ?” என்றார் ஏசுஅடிமை.

“மாமா, பூசைக்கு உங்ககிட்ட கேக்கணும்னு ஃபாதர் சொன்னாரு.” அவன் மணலில் உட்கார்ந்தான். “போக வேண்டியது நானாக்கும். இவ்வளவு நாளும் உங்கள ஏமாத்திட்டேன். லிஜோ இனி வரமாட்டான் மாமா.”

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். எண்ணெய்க் கைகளைக் கைலியில் மெதுவாகத் துடைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

“அது எனக்கு அண்ணைக்கே தெரியும் மக்கா. நீ தெனமும் எந்திரிச்சு வெளிய வரணுமேன்னுதான் அப்பிடிச் சொன்னேன்.”