இமைக்கக் கூடாது

"எனக்கு இந்த ஊர் வங்காளி பாஷை ஒரு எழுத்து புரியாது. அவா என்ன சொல்றாளோ, அதை நீதான் தமிழ்ல சொல்லணும்" என்றாள் காமு மாமி. பாலிகஞ்ச் கண் மருத்துவமனையில், வருங்கால மருமகள் பிரியம்வதாவோடு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணத்துக்குள் லேசர் செய்து பெண்ணின் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்பது மாமனார் சிவராமின் நிபந்தனை. அவர்கள் பரம்பரையில் யாரும் கண்ணாடி போட்டதில்லையாம். மேற்பார்வைக்கு மனைவியைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார்.

மாப்பிள்ளை ஸ்ரீநிவாசுக்குக் கண்ணாடியோடுதான் அவளைப் பிடித்திருந்தது. அதை அவளிடம் தினமும் சொன்னான். அப்பாவிடம் சொல்லத்தான் நேரம் கிடைக்கவில்லை. பிரியம்வதாவுக்கோ லேசர் என்றாலே பயம். மாட்டேன் என்றால் கல்யாணம் நின்றுவிடும்.

மிச்சமிருந்தது இந்தச் சோதனைதான். இயந்திரம் கண்ணில் மெல்லக் காற்றை ஊதும். கருவிழியின் மேல்படலம் எவ்வளவு குழிந்து மீள்கிறது என்று கேமரா படம் பிடிக்கும். படலம் கெட்டியாக இருந்தால் லேசர் செய்யலாம். மெத்தென்று இருந்தால் கூடாது.

இமைக்காமல் இருக்கும்படி வங்காளியில் சொன்னாள் டெக்னீஷியன். பிரியம்வதா கண்ணை அகல விரித்தாள். பக்கத்து ஸ்டூலில் மாமியும் திருஷ்டி பொம்மை மாதிரி விழித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

புஸ்ஸென்று காற்று வந்தது. டெக்னீஷியன் திரையைப் பார்த்துச் சிரித்தாள். "கூப் ஷொக்தோ."

"என்னவாம்?" என்றாள் மாமி.

பிரியம்வதா இயந்திரத்திலிருந்து முகத்தை எடுத்தாள். "ரொம்ப சாஃப்ட்டாம் மாமி. லேசர் கூடாதாம்."

மாமி அங்கேயே கணவருக்கு ஃபோன் போட்டாள். "பொண்ணு கண்ணு பஞ்சு மாதிரி இருக்காம். லேசர் பட்டா பார்வையே போயிடுமாம். அப்புறம் ஆயுசுக்கும் நாமதான் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு போகணும். கண்ணாடியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

மறுமுனையில் பரம்பரைப் பெருமை கொஞ்ச நேரம் இருமியது. பிறகு சரி என்றது.

"நான் அவ்வளவெல்லாம் சொல்லலையே மாமி" என்றாள் பிரியம்வதா, தயங்கி.

மாமி அவளுடைய கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, மூக்கில் மாட்டிவிட்டாள்.

"ஷொக்தோன்னா கெட்டின்னு, இங்கே பக்கத்துக் கரக்பூர்ல வளர்ந்த எனக்குத் தெரியாதாடி?"