காதுக்குப் பின்னால் இரண்டு விரல்

"தங்கச்சி, நாய் காதை எதுக்கும்மா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்த?"

பஞ்சவர்ணத்தைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டு, குரலை அடக்கித்தான் கேட்டார் தர்மராஜ். முகத்தில் மட்டும் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான் வாசல்ல வந்து நின்னதை நீ கவனிக்கல. அங்கமுத்து நாய்த் தலையைத் தடவுறான். நீ பின்னால குந்திக்கிட்டு, ரெண்டு விரலால காதை நிமித்திப் பிடிச்சிருக்க. என்ன கூத்து இது?"

வசமாக மாட்டிக்கொண்டாள். இவரிடம் மறைக்கவா முடியும்? அவள் புருஷன் அங்கமுத்துவும் இவரும் அரியலூரில் ஒரே முதலாளிக்குக் கார் ஓட்டியவர்கள். முதலாளியம்மாவின் டாய் டெரியர் நாய் ராணி, அம்பாசடர் முன் சீட்டில் அங்கமுத்துவை ஒட்டிக்கொண்டுதான் உட்காரும். அன்றைக்குப் பிடித்த ஆசை அங்கமுத்துவுக்கு.

"டெரியர்னா எப்படி இருக்கணும் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். "நாலு கிலோவைத் தாண்டப்படாது. மடியில சுருண்டா இருக்கிற எடம் தெரியப்படாது. ஒடம்பு கன்னங்கரேல்னு மின்னணும். புருவத்து மேல மட்டும் விரலால தொட்டு வெச்சாப்ல ரெண்டு செம்பொட்டு. காலு குச்சி குச்சியா இருக்கணும். காது மெழுகுவத்திச் சுடராட்டம் நட்டுக்கிட்டு நிக்கணும். காது மடிஞ்சா அது டெரியரே இல்ல, ஆமா!"

அப்படிப் பேசின மனுஷன், சர்க்கரை வியாதியில் கண் இரண்டும் போனபிறகு வாயே திறப்பதில்லை. ஒரே ஒருநாள் மட்டும் சொன்னார்.

"பஞ்சு, ஒரு டெரியர் குட்டி இருந்தா கையாலயாவது பாத்துக்கிட்டு இருப்பேன்."

கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி, திருச்சி முழுக்க அலைந்தாள். 'அதெல்லாம் மெட்ராஸ்ல கேளும்மா' என்று எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். திரும்பும்போது சிறுவாச்சூரில் பஸ் நின்றது. கோயில் கூட்டத்தின் காலடியில் மிதிபட இருந்தது ஒரு கறுப்புக் குட்டி. புருவத்துக்கு மேலே ரெண்டு செம்பொட்டு! முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பொட்டு சரி. காது இரண்டும் வெற்றிலை மாதிரி மடிந்து தொங்கியது. வளர்த்தியைக் கேட்கவே வேண்டாம், ஆறே மாசத்தில் கன்றுக்குட்டி கணக்காக நின்றது.

"ஜாதி நாய்ங்க, மடியில வெச்சா எலும்பு ஒடிஞ்சிரும்" என்று சொல்லிச் சொல்லி, தலையை மட்டும் தடவக் கொடுத்து வந்தாள்.

"கண்ணு தெரியாதவனைப் போயி ஏமாத்துறியே, இது பாவமில்ல?" என்றார் தர்மராஜ்.

"அண்ணே, உங்க கால்ல விழறேன். அந்தக் காதைத் தொடுற நேரத்துலதாண்ணே அவரு சிரிக்கிறாரு. நாள் முச்சூடும் அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் ஏங்கிக் கெடக்குறேன். அதைப் பறிச்சிறாதீங்க."

"பொய்யில வர்ற சிரிப்பு என்னத்துக்கு? நாலு பேரு சொல்லி அவன் காதுக்குப் போனா அவமானம். நானே பக்குவமாச் சொல்லிடுறேன். நீ போயி காபித்தூள் வாங்கிட்டு வா."

கடைக்குப் போகாமலும் இருக்க முடியவில்லை, போகவும் கால் வரவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போய்த் திரும்பினாள். வாசற்படியில் கால் வைக்கும்போதே தர்மராஜ் குரல் கேட்டது.

"தெருநாய்டா அது! காதை ஒம் பொண்டாட்டி தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கா!"

போச்சு, எல்லாம் போச்சு. பஞ்சவர்ணம் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே அங்கமுத்து சிரித்தார்.

"மெதுவாப் பேசுடா. அவ வந்துறப் போறா."

"அடப்பாவி! ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். நான் காதைத் தொடுறப்பல்லாம் அதுக்குப் பின்னால வளையல் குலுங்குது. எந்த ஊரு டெரியருடா வளையல் போட்டுக்குது?"

"பின்ன ஏண்டா சொல்லல?"

"எத்தனையோ வருசமா டெரியருக்கு ஏங்கினேன், வாஸ்தவம்தான். இப்ப அந்தச் சத்தத்துக்குத்தான் ஏங்குறேன். அதைக் கேக்கத்தான் தேடித் தேடிக் காதைத் தொடுறேன். எனக்குத் தெரியும்னு அவகிட்ட ஒளறிக் கிளறி வெச்சிறாத. விரலை எடுத்துருவா."

பஞ்சவர்ணம் வளையல்களை முந்தானையால் இறுகச் சுற்றிக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கி, மறுபடியும் கடைப் பக்கம் நடந்தாள்.