முளைக்காத தட்டு

காலை எட்டரை மணிக்கு ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் மூன்று கண்ணாடித் தட்டுகள் இருந்தன. கடைசித் தட்டின் பெயர் சும்மா. ஆராய்ச்சி மாணவி பூங்கோதை அதில் மட்டும் கிருமி விடவில்லை.

"எங்க மேல நூறு கிருமிப் புள்ளி முளைச்சிருக்கு. உனக்கு?" என்றது முதல் தட்டு.

"ஒண்ணுமில்லண்ணே."

"அப்ப உனக்குக் குப்பைக்கூடைதான் தம்பி," என்றது இரண்டாவது. சும்மாவுக்கு அழுகை முட்டியது.

கதவைத் திறந்த பூங்கோதை முதலில் சும்மாவைத்தான் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"கயல், ஓடி வாடி," என்று தோழியைக் கூப்பிட்டாள். "நாலு தடவை கிருமி விடாத தட்டுலயும் கண்டது முளைச்சு, எல்லாத்தையும் தூக்கிப் போட்டோம். இன்னிக்கு வெளிக்கிருமி புகல. மத்த ரெண்டுலயும் நாம விட்டதுதான் முளைச்சிருக்கு, இப்ப அதுங்கள நம்பலாம்."

இருவரும் கைகோத்து ஆடினார்கள்.

"அண்ணே, உங்களை நம்பலாமாம்," என்றது சும்மா.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் தேதி பூங்கோதை அந்த ஆய்வுக்கே முனைவர் பட்டம் பெற்றாள்.