அடித்தண்டு

பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்ததும் தவமணி டிவியை மறைத்தாற்போல் நின்றாள். டிவி பக்கத்தில், காலி மருந்து பாட்டில்களில் தன் தோட்டத்துப் பொடிப் பூக்களைச் செருகி வைத்திருந்தாள். நடுவே, காதுகளைப் பின்னுக்கு மடித்த முயலைப் போல, கிழங்கிலிருந்து முளைக்கும் சைக்லமேன் செடியின் ஒரு வெள்ளைப் பூ. டீச்சர் சர்ச்சுக்குப் போயிருந்தபோது அவர் தொட்டியிலிருந்து வெட்டி வந்தது. கத்தரிக்கோல் இன்னும் பாட்டிலருகே கிடந்தது.

“பூ போகட்டும், தவமணி,” என்றார் டீச்சர், உட்காராமலே. “நாப்பது தொட்டி வச்சிருக்கேன். ஆனா அந்தக் கிழங்கு எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடறதுக்கு முன்னாடி கடைசியாத் தேடிக் கொண்டுவந்தது. வெட்டினியா, திருகிப் பிடுங்கினியா? அதை மட்டும் சொல்லு.”

“ஏன் டீச்சர்?”

“பிடுங்கினா ஒண்ணுமில்லை. வெட்டியிருந்தா மிச்சத் தண்டு வழியாத் தண்ணி இறங்கிக் கிழங்கே அழுகிடும். ஒரு மழை போதும். குனிஞ்சு பார்க்க எனக்குக் கண்ணு தெரியலை. வெட்டியிருந்தா இப்பவே வா, அடித்தண்டை எடுத்துடலாம்.”

தவமணி அன்றைய பேப்பரை மெல்ல இழுத்துக் கத்தரிக்கோலின் மேல் போட்டாள்.

“பிடுங்கினேன் டீச்சர்.”

டீச்சர் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். “திருட்டுக் கழுதை. சரி, டீ போடு.”

பால் பொங்கும்போது தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. பின்னாலேயே சடசடவென்று பிடித்துக்கொண்டது.

“நல்ல மழை,” என்று டீச்சர் காலை நீட்டிக்கொண்டார். “விட்டப்புறம் போறேன்.”