ஐந்தாம் ஸ்தலம்

பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில் இயேசுவாகச் சிலுவை சுமப்பது எங்கள் வீட்டு உரிமை. பதினான்கு ஸ்தலங்களில் ஐந்தாவதில், இயேசுவுக்குச் சிலுவை சுமக்க உதவிய சீமோனின் வேடக்காரர் உதவிக்கு வருவார். அவர் மரத்தைத் தொட்டு நடிக்கலாம், பாரத்தை வாங்கக்கூடாது. என் தகப்பனார் கடைசிவரை கொடுத்ததில்லை. இந்த ஆண்டு, என் அறுபத்தெட்டாம் வயதில், அந்த இடத்தில் முழங்கால் மடங்கியது. சீமோனாக வந்த இஞ்ஞாசி சிலுவையைப் பிடித்தான்.

“விடுடா. எங்க வீட்டு மானம் போயிரும்.”

“ஆண்டவரே குடுத்தாரு மாமா. நீங்க அவருக்கும் மேலயோ?”

கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை, கூட்டம் பாடிக்கொண்டே நகர்ந்தது. பின்னால் நடந்த எனக்கு வெறும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாளை கோயில் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்தலப் படங்களில் ஐந்தாம் படத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். சிலுவையைக் கொடுத்தபின் ஆண்டவர் தம் கைகளை எங்கே வைத்திருந்தார்?