நெல்லி வற்றல்

மூன்று மணி நேரம் விடாமல் முழங்கி 'சொல்மாரி' பட்டம் வாங்கிய தணிகாசலத்துக்கு எழுபத்தெட்டு வயதில் வாயில் எச்சில் ஊறவில்லை. பிரஷர் மாத்திரையின் வேலை என்றார் டாக்டர். அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கிளம்பும்போது மனைவி கோமளவல்லி, தானே காயவைத்த நெல்லி வற்றலை அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்புவாள். "இத அடக்கிக்கிட்டுப் பேசுங்க. கொஞ்சம் சுருக்கமாவும் பேசுங்க." இன்று கோமளவல்லியின் படத்திறப்பு. மைக் முன்னால் நின்றவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "மச்சான், சோடா குடிங்க" என்று மைத்துனர் நீட்டினார். அதை விலக்கிவிட்டுப் பையைத் துழாவினார். ஒரே ஒரு துண்டு இருந்தது. வாயில் போட்டதும் எச்சில் ஊறியது, சொற்களும் வந்து நின்றன. பேசினால் துண்டு சீக்கிரம் கரைந்துவிடும். இனி காயவைத்துத் தர ஆளில்லை. அதைக் கன்னத்தில் ஒதுக்கி உதட்டை மூடிக்கொண்டார். மௌன அஞ்சலியாக்கும் என்று முன்வரிசை எழுந்தது, பின்னாலேயே கூட்டம் முழுதும் எழுந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் கூட்டத்திலிருந்து யாரும் நடுவில் நழுவாதது இன்றுதான். "இன்னும் எவ்வளவு நேரம் மச்சான்?" என்று மைத்துனர் காதருகே கேட்டார். தணிகாசலம் வாயைத் திறக்கவில்லை. துண்டு அதுபாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது.